மழலையர் பந்தி

மூன்று வயதுக் குழந்தை உண்ணும் வேளை பல இல்லங்களில் போர் வேளையாக இருக்கின்றது. தாய் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பின்னே ஓடுகின்றாள். குழந்தை முன்னே ஓடுகின்றது. ஒரு வாய்க்குக் காக்கை, மறு வாய்க்கு நாய்க்குட்டி, மூன்றாம் வாய்க்குப் பூச்சாண்டி. முன்னாளில் நிலவைக் காட்டி ஊட்டினர். இந்நாளில் கைப்பேசியைக் காட்டி ஊட்டுகின்றனர். திரையில் பொம்மை ஆடும்போது குழந்தையின் வாய் தானே திறக்கின்றது. உள்ளே சென்றது பருப்புச் சோறா, தயிர்ச் சோறா என்பது அதற்குத் தெரியாது. கிண்ணம் காலியாகிவிட்டது என்று வீட்டார் மகிழ்கின்றனர். ஆயினும் அக்குழந்தை உண்டது என்று சொல்வதைவிட, அதற்கு ஊட்டப்பட்டது என்று சொல்வதே பொருந்தும். உண்ணுதல் வேறு, ஊட்டப்படுதல் வேறு.

இதே குழந்தையை நண்பகலில் ஊர் அங்கன்வாடியில் காணுதல் வேண்டும். பிள்ளைகள் கை கழுவிவிட்டு வரிசையாகப் பாயில் அமர்கின்றனர். தட்டில் சாம்பார்ச் சோறு விழுகின்றது. முட்டை உள்ள நாளாயின் முட்டையும் வருகின்றது. பிள்ளைகள் இருபதின்மர், கவனிப்போர் ஒருவர் அல்லது இருவர். ஒவ்வொரு பிள்ளையின் பின்னும் கிண்ணத்துடன் ஓட அங்கே எவருக்கும் பொழுது இல்லை. அந்தப் பொழுதின்மையே பெரு நன்மையாக முடிகின்றது. அருகில் இருப்பவள் முட்டையைப் பிட்டு மஞ்சட்கருவை முதலில் தின்கின்றாள். எதிரில் இருப்பவன் சோற்றைப் பிசைந்து வாயில் பாதியும் மடியில் பாதியுமாக இடுகின்றான். வீட்டில் ஓடி ஒளிந்த குழந்தை சிறிது நேரம் இவர்களையே பார்க்கின்றது. பிறகு தானும் தட்டில் கை வைக்கின்றது. எவரும் அதனை அச்சுறுத்தவில்லை, எவரும் கெஞ்சவில்லை.

நகரத்தில் கட்டணம் பெற்று நடக்கும் மழலையர் பள்ளிகள் பலவற்றில் இத்தகைய பந்தி இல்லை. சிற்றுண்டிக்கு மணி அடித்ததும் ஒவ்வொரு குழந்தையும் தன் தன் டப்பாவைத் திறக்கின்றது. ஒன்றில் பிஸ்கட்டு, ஒன்றில் கேக்கு, ஒன்றில் உருளைக்கிழங்கு வறுவல், ஒன்றில் ஆறிப்போன நூடுல்ஸ். எங்கோ ஒரு டப்பாவில் இட்லி இருக்கின்றது. அதன் உரிமையாளனோ பக்கத்து டப்பாவில் உள்ள பிஸ்கட்டையே நோக்கியிருக்கின்றான். ஏழைக் குழந்தை அரசின் செலவில் பருப்பும் காயும் முட்டையும் உண்ணும் வேளையில், செல்வர் வீட்டுக் குழந்தை மைதா மாவையும் சர்க்கரையையும் உப்பையும் உண்கின்றது. விலை மிகுந்த உணவு தரம் குறைந்ததாகவும், விலையின்றிக் கிடைக்கும் உணவு தரம் மிகுந்ததாகவும் இருக்கும் விந்தையை இங்கே காணலாம். இது மாறவேண்டும். சிறு குழந்தைகளின் பள்ளி எதுவாயினும், அங்குள்ள குழந்தைகள் எல்லோரும் ஒரே உணவை ஒரே பந்தியில் அமர்ந்து தம் கையால் உண்ணுதல் வேண்டும்.

தமிழ்நாட்டிற்கு இது புதிய கருத்தன்று. 1920 ஆம் ஆண்டில் பி. தியாகராயர் சென்னை மாநகராட்சிக்குத் தலைமை தாங்கியபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர முடிவு செய்யப்பட்டது. நாள் ஒன்றுக்குப் பிள்ளைக்கு ஓர் அணாவிற்கு மேற்படாத செலவு என்று வரையறுத்தனர். 1956 இல் காமராசர் மாநிலம் தழுவிய பகல் உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பசித்த பிள்ளையால் பாடத்தைக் கேட்க இயலாது என்பதே அத்திட்டத்தின் வேர். ஆயினும் பள்ளி வயதை எட்டாத சின்னஞ்சிறு குழந்தைகள் இவற்றில் இடம்பெறவில்லை. 1975 அக்டோபர் 2 ஆம் நாள் நாடெங்கும் தேர்ந்தெடுத்த 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் தொடங்கின. அங்கன்வாடி என்னும் பெயர் அத்திட்டத்தோடு பரவியது. 1982 சூலை 1 ஆம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அப்போதுதான் பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது கடந்த குழந்தைகளுக்கும் நாள்தோறும் பந்தி விரிக்கப்பட்டது. இவ்வளவு பணத்தைச் சோற்றில் கொட்டலாமா என்று கேட்டவர் அந்நாளில் பலர். இன்று தமிழ்நாட்டில் 54,000 இற்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அந்தக் கேள்வியைக் கேட்பவர் அருகிவிட்டனர்.

பந்தி ஏன் சிறந்தது என்பதை உணர, குழந்தையின் பசி எத்தகையது என்பதை முதலில் அறிதல் நலம். பிறந்த குழந்தையின் எடை ஏறத்தாழ 3 கிலோ. ஓர் ஆண்டு நிறையும்போது அது மும்மடங்காகி 9 கிலோவை நெருங்குகின்றது. அந்த வேகத்திலேயே வளர்ந்தால் மூன்றாம் வயதில் குழந்தை யானைக்குட்டியாகிவிடும் அன்றோ? இயற்கை அவ்வாறு விடுவதில்லை. முதல் ஆண்டிற்குப் பின் எடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோ அளவில்தான் கூடுகின்றது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிகின்றது. நேற்று வரை கிண்ணம் நிறைய உண்ட குழந்தை இன்று நான்கு வாயோடு எழுந்துவிடுவதற்குக் காரணம் நோயன்று, பிடிவாதமும் அன்று. இதை அறியாத பெரியோர் அஞ்சுகின்றனர். அச்சம் கெஞ்சலாகின்றது, கெஞ்சல் அதட்டலாகின்றது, அதட்டல் பலிக்காதபோது, எதையேனும் தின்றால் போதும் என்று பிஸ்கட்டுப் பொட்டலம் பிரிக்கப்படுகின்றது. குழந்தையின் வயிறு சிறியது. ஒரே வேளையில் அதை நிரப்ப முயல்வதைவிட, மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு சிற்றுண்டியுமாகச் சிறுகச் சிறுகத் தருவதே அதற்கு ஏற்றது. இடையிடையே பிஸ்கட்டும் இனிப்பு நீரும் உள்ளே சென்றால், பந்தியில் அமரும்போது பசி எங்கிருந்து வரும்?

தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் குழந்தை தானே அறியுமா? இந்த ஐயத்தை ஆராய்ந்தவர் அமெரிக்க மருத்துவரான கிளாரா டேவிஸ் அம்மையார். 1926 முதல் சில ஆண்டுகள், தாய்ப்பால் மறந்த குழந்தைகள் 15 பேருக்குத் தம் மேற்பார்வையில் அவர் உணவளித்து வந்தார். ஒவ்வொரு வேளையும் தட்டத்தில் பல கிண்ணங்கள் வைக்கப்பட்டன. பால், முட்டை, இறைச்சி, ஈரல், மீன், கோதுமை, ஓட்ஸ், கிழங்கு, கீரை, காய், கனி என 30 இற்கு மேற்பட்ட உணவு வகைகளிலிருந்து எடுக்கப்பட்டவை அவை. செவிலி கரண்டியுடன் அமைதியாக அமர்ந்திருப்பார். குழந்தை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினாலன்றி அவர் எதையும் எடுத்து ஊட்டலாகாது; உண்ணச் சொல்லலாகாது; உண்டதற்குப் பாராட்டவும் ஆகாது. குழந்தைகள் உண்ட முறை எந்த நூலிலும் அடங்காததாக இருந்தது. ஒன்று காலையில் ஆரஞ்சுச் சாற்றையும் ஈரலையும் உண்டது. மற்றொன்று மாலையில் முட்டைகளையும் வாழைப்பழங்களையும் பாலையும் உண்டது. எனினும் அனைவரும் நன்கு வளர்ந்தனர். எலும்பு மெலிவு நோயுடன் வந்த ஒரு குழந்தையின் தட்டத்தில் மட்டும் மீனெண்ணெய்க் கோப்பை ஒன்று வைக்கப்பட்டது. வற்புறுத்தல் இன்றியே அது அதனை ஒழுங்கின்றி, வெவ்வேறு அளவில் அவ்வப்போது பருகியது. நோய் நீங்கியபின் தொடாமல் விட்டது.

இந்த ஆய்வைக் கேட்டவுடன், குழந்தை விரும்பியதை எல்லாம் தரலாம் என்று முடிவு கட்டிவிடுவோர் உண்டு. அது பெரும்பிழை. டேவிஸ் அம்மையாரின் தட்டத்தில் சர்க்கரை இல்லை. தீட்டிய மாவில் செய்த பண்டம் இல்லை. எண்ணெயில் பொரித்த வறுவல் இல்லை. ஆய்வின் நுட்பமே அந்த உணவுப் பட்டியலில்தான் இருக்கின்றது என்பதை அவரே 1939 இல் எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளார். தட்டில் என்ன இருக்கவேண்டும் என்பதைப் பெரியோர் முடிவு செய்தனர். அதில் எதை, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவு செய்தது. இந்த இரண்டு கடமைகளும் இன்று பல வீடுகளில் இடம் மாறி நிற்கின்றன. என்ன வாங்குவது என்பதைக் கடை வாயிலில் அழுது குழந்தை முடிவு செய்கின்றது. எத்தனை வாய் என்பதைப் பெரியோர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

பந்தியில் அந்தக் கடமைகள் தம் இடத்திற்கு மீள்கின்றன. அதனோடு மற்றொரு வலிமையும் அங்கே சேர்கின்றது. குழந்தையின் நாவிற்குப் புதிய உணவு பகையாகவே தோன்றும். இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இந்த வெறுப்பு மிகுந்திருக்கும். பாகற்காயையோ கீரையையோ முதல் முறை துப்பிய குழந்தை, வற்புறுத்தலின்றிப் பத்து முறை, சில வேளை பதினைந்து முறை அதே உணவைக் கண்டும் சுவைத்தும் பழகிய பிறகே அதனை ஏற்கின்றது. வீட்டில் மூன்றாம் முறையே தாய் சலித்துவிடுகின்றாள்; ‘என் பிள்ளைக்குக் கீரை பிடிக்காது’ என்று தீர்ப்பும் எழுதிவிடுகின்றாள். பந்தியிலோ, தான் துப்பிய கீரையைப் பக்கத்தில் இருப்பவன் விரும்பி உண்பதைக் குழந்தை காண்கின்றது. லீன் பர்ச் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1980 இல் இதனைச் சிறுவர் பள்ளியிலேயே ஆய்ந்து வெளியிட்டார். ஒரு காயை விரும்பி மற்றொரு காயை ஒதுக்கும் குழந்தையை, ஒதுக்கிய காயை விரும்பும் குழந்தைகள் சிலரோடு நான்கு நாட்கள் பகலுணவிற்கு அமர வைத்தார். எவரும் எதுவும் சொல்லவில்லை. அக்குழந்தைகள் முன்பு ஒதுக்கிய காயைத் தாமே எடுத்து உண்ணத் தொடங்கினர். தாய் தந்தையர் ஆயிரம் முறை சொல்லியும் நடவாதது, அருகில் இருப்பவள் உண்டதைப் பார்த்த நான்கு நாளில் நடந்துவிட்டது.

அதே அறிஞரும் உடன் ஆய்ந்தோரும் 1984 இல் கண்ட வேறோர் உண்மை பெற்றோர்க்குக் கசப்பானது. ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு தருவதாகச் சொல்லிக் குழந்தைகளைக் குடிக்கச் செய்தனர். பரிசுக்காகக் குடித்த குழந்தைகளுக்குப் பிறகு அந்தப் பானத்தின்மேல் இருந்த விருப்பம் முன்னிலும் குறைந்தது. ‘கீரையைத் தின்றால் சாக்லேட்டு தருவேன்’ என்பது எத்தனை இல்லங்களில் வழங்கும் உடன்படிக்கை! அதைக் கேட்கும் குழந்தை என்ன எண்ணும்? கூலி கொடுத்துத் தின்னச் சொல்லும் பொருள் நல்ல பொருளாக இராது என்றுதான் எண்ணும். சாக்லேட்டிற்கோ எவரும் கூலி தருவதில்லை. ஆதலின் அதுவே நல்ல உணவு.

பந்தியின் சிறப்புகளுள் தலையாயது குழந்தை தன் கையால் உண்பது. உரோம் நகரில் சான் லோரென்சோ என்னும் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில், 1907 சனவரி 6 ஆம் நாள் மரியா மாண்டிசோரி அம்மையார் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் திறந்தார். அம்முறையில் நடந்த இல்லங்களில் பகலுணவைப் பரிமாறியவர் வேலைக்காரர் அல்லர். நான்கு ஐந்து வயதுக் குழந்தைகளே. மேசையில் தட்டுகளை வைப்பதும், சூடான சூப்புக் கலத்தைச் சிந்தாமல் ஏந்திச் செல்வதும், உண்டபின் துடைப்பதும் அவர்களுடைய வேலை. உடையாத தகரத் தட்டைத் தந்தால் குழந்தை கவனத்தைக் கற்காது என்பது அம்மையாரின் எண்ணம். உடையும் பீங்கானையே தந்தார். இவர் தமிழ்நாட்டிற்கு அயலவர் அல்லர். 1939 இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கோடைக்கானலில் தங்கிக் குழந்தைகளிடையே பணியாற்றினார். அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் மழலையர் பள்ளிகள் இன்று ஊர்தோறும் உள்ளன. அவற்றுள் எத்தனை பள்ளிகள் அவருடைய சூப்புக் கலத்தைக் குழந்தையின் கையில் தருகின்றன என்பது கேட்கத்தக்க கேள்வி.

கையால் உண்ணும் குழந்தை சிந்தும். அதைக் கண்டு முகம் சுளிப்போர், தமிழ் மன்னன் ஒருவன் அதனை எவ்வாறு நோக்கினான் என்பதை அறிதல் நன்று. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றுப் பாட்டில் குழந்தை ஒன்று மெல்ல நடந்து வருகின்றது. கலத்துள் கையை விடுகின்றது. எடுத்ததை உடம்பெல்லாம் பூசிக்கொள்கின்றது. பெருஞ்செல்வம் உடையவராயினும் இத்தகைய மக்கள் இல்லாதவர்க்கு வாழ்நாளில் பயன் இல்லை என்பது அம்மன்னன் கருத்து. அரண்மனையில் ஊட்டுவதற்குச் செவிலியர் இல்லாமலா போயினர்? ஆயினும் அவன் பாடுதற்கு எடுத்துக்கொண்டது குழந்தை தானே உண்ட காட்சியை. பிசையும்போது விரல்கள் சோற்றின் சூட்டையும் மென்மையையும் அறிகின்றன; கவளத்தின் அளவை அறிகின்றன. பின்னாளில் எழுதுகோல் பிடிக்கப்போகும் விரல்களுக்கு இதனினும் நல்ல பயிற்சி இல்லை.

இனி, தட்டில் இருக்கவேண்டியது யாது? குன்னூரில் ஆய்வு செய்த இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே தந்து பார்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்று உண்ட வடமேற்குப் பகுதியாரின் உணவைப் பெற்ற எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியும் சிறிதளவே குழம்பும் கொண்ட சென்னை மாகாண உணவைப் பெற்றவை மெலிந்திருந்தன. இதைப் படித்துவிட்டு அரிசியைப் பழிப்பது முறையன்று. குறை அரிசியில் இல்லை. தட்டு முழுவதும் அரிசியாகவே இருப்பதில்தான் குறை. அரிசியின் புரதத்தில் குறைவான பகுதியைப் பருப்பு நிறைவு செய்கின்றது. ஆதலின் சாம்பார்ச் சோறும், பொங்கலும், இட்லியும் அறிவிற் சிறந்த உணவுகள். அவற்றை முதலில் ஆக்கிய பாட்டிமாருக்குப் புரதம் என்னும் சொல் தெரியாது என்பது வேறு செய்தி. முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கின்றது. முருங்கைக் கீரையில் இரும்புச் சத்தும், மாலைக்கண் நோயைத் தடுக்கும் சத்தும் உள்ளன. அதனோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு உடலில் எளிதாக ஏறும். தேநீர் சேர்ந்தால் ஏறாது. குழந்தைக்குத் தேநீர் தரும் வழக்கத்தை விட்டொழிக்க இந்த ஒரு காரணமே போதும். சுண்டலை நன்கு வேகவைத்து மசித்துத் தருதல் வேண்டும், முழு வேர்க்கடலை சிறு குழந்தையின் மூச்சுக்குழலில் சிக்கக்கூடும், பொடித்துத் தரலாம்.

இவை கடையில் அரிய பொருள்கள் அல்ல. ஆயினும் 2019–21 இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 25 பேர் வயதிற்கேற்ற உயரம் இல்லாதவர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவருள் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர். முருங்கை வேலியோரம் நிற்கும் நாட்டில் இது நிகழ்கின்றது. இரத்தம் குறைந்த குழந்தை விளையாட்டில் முதலில் களைக்கின்றது. பாடத்திலும் விரைவில் சோர்கின்றது. அதனைச் சோம்பேறி என்று திட்டும் ஆசிரியரும் உண்டு.

பந்தியை மறுப்போர் சொல்லும் காரணங்கள் சில. தம் குழந்தையின் சுவை தமக்கே தெரியும் என்பர் தாய்மார். அது மெய்யே; ஆயினும் அந்தச் சுவை மாறாமல் நின்றுவிட வேண்டும் என்று எந்தத் தாயும் விரும்பமாட்டாள். சில குழந்தைகளுக்குச் சில உணவு ஒவ்வாது என்பர், அதுவும் மெய். ஒவ்வாமை உடைய குழந்தையின் பெயரையும் உணவையும் சமையற் கூடத்தில் எழுதி வைப்பது அரிய செயலன்று. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தருவது இப்போதே வழக்கத்தில் இருக்கின்றது. தூய்மை குறித்த அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து நீரும் சவர்க்காரமும் மூடிய பாத்திரமும். காலை ஏழு மணிக்கு டப்பாவில் அடைத்த உணவு, வெயிலில் பதினொரு மணி வரை இருந்து பெறும் தூய்மையைவிட, அடுப்பிலிருந்து இறங்கியவுடன் உண்ணும் உணவின் தூய்மை மேலானது.

சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு. எவரோடு தம் குழந்தை அமர்கின்றது, எவர் சமைத்ததை உண்கின்றது என்னும் எண்ணமே அது. சமைப்பவர் இன்ன சாதியார் என்பதற்காகப் பிள்ளைகளை உண்ண விடாமல் தடுத்த பெற்றோரைப் பற்றிய செய்திகள் இந்த நூற்றாண்டிலும் நாளேடுகளில் வந்துள்ளன. குழந்தைகளுக்கு அந்த எண்ணம் இல்லை. பக்கத்தில் இருப்பவன் தட்டிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து வாயில் இடும் குழந்தை அவனுடைய குலத்தைக் கேட்பதில்லை. பருக்கை இனிக்கின்றதா என்றுதான் பார்க்கின்றது. டப்பா முறையில் இந்தப் பழக்கத்திற்கு இடமே இல்லை. ஒவ்வொரு டப்பாவும் ஒரு வீட்டின் வேலி. அதன் உள்ளே அந்த வீட்டின் செல்வமும் வறுமையும் தெரிகின்றன. நல்ல டப்பா உடையவன் பெருமிதம் கொள்கின்றான். இல்லாதவன் மூடியைச் சாய்த்து மறைத்துக்கொண்டு உண்கின்றான். மூன்று வயதில் கற்கத்தக்க பாடமா இது?

அங்கன்வாடிகளில் குறையே இல்லை என்று சொல்லுதல் உண்மைக்கு மாறாகும். சாம்பாரில் பருப்பைத் தேடவேண்டிய நாட்கள் உண்டு. இடமின்றி நெருங்கி அமரும் மையங்கள் உண்டு. பதிவேடுகளை நிரப்புவதிலேயே பணியாளரின் முற்பகல் கழிந்துவிட, பந்தியை விரைந்து முடிக்கும் அவசரமும் நேர்கின்றது. விரைந்து உண்ணச் சொல்வதும் ஒருவகை வற்புறுத்தலே. சிறு குழந்தை ஒரு தட்டை முடிக்க இருபது, முப்பது நிமிடம் கொள்ளும். அந்த நேரத்தையும் உணவின் பகுதியாகக் கருதி வழங்குதல் வேண்டும். இவை திருத்தத்தக்க குறைகள். பந்தி இருந்தால்தான் அதைத் திருத்தவும் முடியும்.

கட்டணப் பள்ளிகள் பந்தி தொடங்குவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஓர் அடுப்பும், சமைக்க அறிந்த ஒருவரும், கழுவ நீரும், விரிக்கப் பாயும் போதும். சீருடைக்கும் ஆண்டு விழாவிற்கும் பெற்றோரிடம் பெறும் தொகையில் ஒரு சிறு பகுதி இதற்கு ஆகும். முழு உணவு இயலாத பள்ளி, சிற்றுண்டியையேனும் பொதுவாக்கலாம். ஒரு நாள் அவித்த சுண்டல், மறுநாள் வாழைப்பழம், பிறிதொரு நாள் கேழ்வரகுக் கூழ், இட்லி, கொழுக்கட்டை என்று வைத்துக்கொண்டால், பெற்றோர் விடியலில் டப்பா நிரப்பும் தொல்லையும் ஒழியும். ஆசிரியரும் அதே பந்தியில் அமர்ந்து அதே உணவை உண்ணுதல் வேண்டும். ஆசிரியை தன் கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு, குழந்தைகளைச் சுண்டல் தின்னச் சொன்னால் அவர்கள் முறுக்கையே நோக்குவர்.

இத்தனையும் பள்ளியின் வாயிலுக்கு உள்ளே. வாயிலுக்கு வெளியே தம்பியையும் தங்கையையும் அழைத்துச் செல்ல வருபவர் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் அண்ணனும் அக்காளும். அவர்கள் கையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஒன்று இருக்கின்றது. அன்பினால் வாங்கியதுதான், குழந்தையும் அதற்காகவே வாயிலை நோக்கி ஓடிவருகின்றது. மூன்று மணிக்கு அந்த வறுவலைத் தின்ற குழந்தை ஆறு மணிக்குத் தட்டைத் தள்ளுகின்றது. தாய் கிண்ணத்தோடு ஓடத் தொடங்குகின்றாள். பொட்டலம் வாங்காமல் வரும் அண்ணனைப் பார்த்தும் தம்பி ஓடிவரத்தான் போகிறான். முதல் இரண்டு நாள் அழுகை இருக்கும். மூன்றாம் நாள், அன்று பந்தியில் பக்கத்தில் இருந்தவன் எத்தனை முட்டை தின்றான் என்னும் கதையைச் சொல்லிக்கொண்டே அவன் வருவான். வீடு பத்து நிமிட நடைதான். அங்கே அடுப்பின்மேல் இட்லி வெந்துகொண்டிருக்கும்.